இராணுவக் களக் கையேடுகளைக் குடிமக்கள் வைத்திருக்கலாமா, படிக்கலாமா?

தங்கசாலை_பழம்புத்தகம் எழுதியது:

தங்கசாலைத் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கிறேன். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தபோது கடையை இழந்த என் தந்தை, பிறகு இங்கே வந்து மீண்டும் தொடங்கியது இது. பாடநூல்களும் நாவல்களும் பழைய வார இதழ்களும்தான் எங்கள் வியாபாரம். சென்ற மாதம் பெரம்பூரில் ஒரு வீட்டைக் காலி செய்தவர்கள், காலமாகிவிட்ட முன்னாள் படைவீரர் ஒருவரின் தகரப் பெட்டியை அப்படியே காயலான் கடையில் போட்டுவிட்டார்கள். அங்கிருந்து எடைக்கு நான் வாங்கிவந்த புத்தகக் கட்டில் பன்னிரண்டு சிறு நூல்கள் இருந்தன.

அவற்றில் ஒன்பது வெள்ளைக்காரர் காலத்தவை: வரைபடம் படித்தல், பதுங்குகுழி வெட்டுதல், முகாம் சுகாதாரம், முதலுதவி என்று போகின்றன. ஒன்றின் அட்டையில் விலைகூட அச்சிடப்பட்டிருக்கிறது. முதல் பக்கத்தை அடுத்துத் திருத்தங்களுக்கென ஒரு கட்டம் வரைந்து, எந்தத் திருத்தம், எந்தத் தேதி, ஒட்டியவர் யார் என்பதை நீல மையில் வரிசையாகக் குறித்திருக்கிறார்கள். உள்ளே பத்திகளின் மேல் விரலகலக் காகிதச் சீட்டுகளை ஒட்டியிருக்கிறார்கள். பசை இருந்த இடத்தைப் பூச்சி அரித்திருக்கிறது. ஒரு சீட்டு பாதி உரிந்து அடியிலுள்ள பழைய வரி தெரிகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஒரு படை தன் வழக்கத்தை மாற்றிக்கொண்ட இடம் கண்முன்னே நிற்கிறது. இருபது ஆண்டுகளாகப் புத்தகம் விற்கிற எனக்கு இதைப்போல மனத்தைத் தொட்ட பக்கம் அதிகமில்லை.

மற்ற மூன்றும் சுதந்திரத்துக்குப் பிந்தையவை. அட்டையின் மேலும் கீழும் 'ரெஸ்டிரிக்டட்' (வெளியாருக்குத் தரக் கூடாதது) என்று ஊதா முத்திரை. மூன்றில் புதியதற்கே நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். முத்திரையைப் பார்த்ததும் செய்தித்தாளில் சுற்றிப் பூட்டி வைத்துவிட்டேன். விற்கவில்லை, படம் எடுக்கவுமில்லை. இதை வைத்திருப்பது குற்றமா என்பது என் முதல் கேள்வி. அதைவிடப் பெரிதாக மனத்தை உறுத்துவது இன்னொன்று: அமெரிக்கத் தரைப்படை இன்று பயன்படுத்தும் களக் கையேட்டை என் மகன் கைப்பேசியில் இலவசமாக இறக்கிப் படிக்கிறான், நம் நாட்டுப் படையின் நாற்பது ஆண்டுப் பழைய நூலைத் தொட நான் ஏன் அஞ்ச வேண்டியிருக்கிறது?

ஓய்வுபெற்ற_ஹவில்தார்_கொடுங்கையூர் எழுதியது:

ஐயா, முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று நூல்களையும் ஒரு விளக்கக் கடிதத்துடன் அருகிலுள்ள இராணுவ அலுவலகத்தில் நேரில் ஒப்படைத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். எப்படிக் கைக்கு வந்தது என்பதை உள்ளபடி எழுதுங்கள். விலை அச்சிட்ட வெள்ளைக்காரர் காலத்து நூல்கள் அன்றே கடையில் விற்கப்பட்டவை. அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இருபத்திரண்டு ஆண்டுகள் காலாட்படையில் இருந்தவன் நான். எங்கள் கம்பெனியில் பாம்ப்லெட் என்னும் இந்தப் பயிற்சிச் சிறுநூல்களை வழங்கும் பதிவேடு ஒன்று இருந்தது. வாங்குபவர் கையெழுத்திட்டு வாங்கி, திருப்பும்போது பக்கம் எண்ணிக் கொடுக்க வேண்டும். பொறுப்பு கைமாறும்போது துப்பாக்கியை எண்ணுவது போலவே நூல்களையும் எண்ணுவோம். ஒன்று குறைந்தால் விசாரணை. வெளியிலிருப்பவர்களுக்கு இது வீண் கெடுபிடியாகத் தோன்றும். ஆனால் ஒரு ரோந்துக் குழு எத்தனை பேருடன் எந்த இடைவெளியில் நடக்கும், எங்கே நின்று திரும்பிப் பார்க்கும் என்பது எதிரியின் கையில் எழுத்தாகக் கிடைத்தால், முதலில் விழுபவன் பத்தொன்பது வயதுச் சிப்பாய். தனியாகப் பார்த்தால் ஒரு நூலில் பெரிய இரகசியம் எதுவும் இருக்காது. பத்து நூல்களைச் சேர்த்து வைத்துப் படிப்பவனுக்கு எங்கள் பழக்கம் முழுதும் தெரிந்துவிடும்.

சட்டம்_இராயபுரம் எழுதியது:

ஹவில்தார் ஐயா சொன்ன நடைமுறையே சரியானது. அதன் சட்டப் பின்னணியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1923-ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 5-ஆம் பிரிவு, இரகசிய ஆவணத்தை வெளியிடுவதை மட்டுமன்றி, உரிமையின்றி வைத்திருப்பதையும், முறைகேடாக வந்தது என்று தெரிந்தே பெற்றுக்கொள்வதையும் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. எடைக்கு வந்த கட்டில் தெரியாமல் கிடைத்தவருக்கு அந்த எண்ணம் இல்லை என்பது வெளிப்படை. தெரிந்த பிறகும் வைத்துக்கொள்வதுதான் சிக்கல்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, அலுவல் இரகசியச் சட்டத்தோடு முரண்படும் இடத்தில் தானே மேலோங்கும் என்கிறது. வெளியிடுவதால் வரும் பொதுநலன் தீங்கைவிடப் பெரிது என்றால் இரகசியத் தகவலையும் தரலாம் என்பது அதே சட்டத்தின் 8(2)-ஆம் பிரிவு. ரஃபேல் போர் விமானக் கொள்முதல் வழக்கில் 2019 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் இவ்விரு பிரிவுகளும் விரிவாகப் பேசப்பட்டன. இன்னும் முக்கியமானது 4(1)(ஆ)(5): பணியாளர்கள் கடமையைச் செய்யப் பயன்படுத்தும் விதிகள், அறிவுறுத்தல்கள், கையேடுகள், பதிவேடுகள் பற்றி ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும். கையேடு என்ற சொல்லே சட்டத்தில் இருக்கிறது. எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. ஆகியவை அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்று, ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் தவிர மற்றவற்றில் விலக்குப் பெற்றிருக்கின்றன. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் அந்த அட்டவணையில் இல்லை. பலரும் கவனிக்காத செய்தி இது.

அதற்காக எல்லாக் கையேடுகளும் நாளையே கிடைத்துவிடும் என்று பொருளல்ல. நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் தகவலை மறுக்க 8(1)(அ) இடமளிக்கிறது. மற்றப் பல விலக்குகள் இருபது ஆண்டுகளில் காலாவதியாகும் என்று 8(3) சொன்னாலும், பாதுகாப்பு என்ற காரணத்துக்கு அந்த வயது வரம்பு கிடையாது. தங்கசாலை நண்பர் கேட்ட கேள்விக்கான விடை என் கணிப்பில் இங்கேதான் இருக்கிறது. நாற்பது ஆண்டானாலும் முத்திரை தானாக அழிவதில்லை. யாராவது உட்கார்ந்து படித்து அழிக்க வேண்டும்.

எண்ணூர்_கரையோரம் எழுதியது:

சட்டப் பிரிவுகளைச் சகோதரி விளக்கியதற்கு நன்றி. எனக்கு வேண்டியது எது என்று நானும் சொல்லிவிடுகிறேன்.

எதிரியின் பதுங்குகுழியை எப்படிப் பிடிப்பது என்பதை அறிந்து நான் என்ன செய்யப் போகிறேன்? அது படையிடமே இருக்கட்டும். ஆனால் வெள்ளத்திலோ கலவரத்திலோ சிவில் நிர்வாகத்துக்கு உதவ ஒரு படைப்பிரிவு எங்கள் தெருவுக்கு வந்தால், யார் உத்தரவில் வருகிறது, அவர்கள் என்னிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 149-ஆம் பிரிவின்படி, வேறு வழியில் கலைக்க முடியாத கூட்டத்தைக் கலைக்க நிர்வாக நடுவர் ஆயுதப் படையை அழைக்கலாம். அழைக்கப்பட்ட அதிகாரி இயன்றவரை குறைந்த பலத்தையே பயன்படுத்தி, ஆளுக்கும் உடைமைக்கும் இயன்றவரை குறைந்த சேதமே வரும்படி நடக்க வேண்டும். சட்டத்தின் வாசகம் யாருக்கும் படிக்கக் கிடைக்கிறது. 'குறைந்த பலம்' என்பதைச் சிப்பாய்க்கு எப்படி விளக்கிச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதையே நான் கேட்கிறேன்.

1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று நகரமே காலியான கதையைத் திருவொற்றியூரில் என் பாட்டி சொல்லிச் சொல்லி நாங்கள் வளர்ந்தோம். அரசு அலுவலகங்களையே வெளியூருக்கு மாற்றிய காலம் அது. யாரை நம்புவது என்று தெரியாமல், பக்கத்து வீட்டார் வண்டி கட்டியதைப் பார்த்துத் தாங்களும் வண்டி கட்டியதாகப் பாட்டி சொல்வார். 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டதைப் பார்த்த தலைமுறை அப்போதும் இருந்ததால், அச்சம் இரட்டிப்பாக இருந்திருக்கிறது. எழுத்தில் ஒன்றும் கிடைக்காத ஊர் வாய்ச்சொல்லை வைத்தே முடிவெடுக்கும்.

சட்டம்_இராயபுரம் எழுதியது:

எண்ணூர் அக்கா கேட்டதற்குத் துல்லியமான முன்னுதாரணம் ஒன்று உண்டு. ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் செல்லும் என்று 1997 நவம்பர் 27 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, தரைப்படைத் தலைமையகம் தன் வீரர்களுக்கு வழங்கியிருந்த 'செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை' பட்டியலைத் தீர்ப்பிலேயே எடுத்து எழுதியது. கைது செய்தவரை இயன்ற விரைவில் அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், சித்திரவதை முறைகளைக் கையாளக் கூடாது என்பன போன்ற வரிகள் அதில் இருக்கின்றன. அவை வெறும் அறிவுரை அல்ல, கட்டுப்படுத்துபவை என்றும், மீறினால் தண்டிக்கப்பட வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. அதுவரை படைக்குள் சுற்றிக்கொண்டிருந்த ஓர் உள் அறிவுறுத்தல், அன்றிலிருந்து எந்தச் சட்ட நூலகத்திலும் படிக்கக் கிடைக்கிறது. அதனால் படை பலவீனமாகிவிட்டதாக நான் எங்கும் படித்ததில்லை. ஒரு தாய் காவல் நிலைய வாசலில் நின்று, என் மகனை உங்களிடம் ஒப்படைத்தார்களா என்று கேட்பதற்கு எழுத்தில் ஓர் ஆதாரம் கிடைத்தது.

பெரம்பூர்_ஆய்வு_மாணவர் எழுதியது:

பாதுகாப்பியல் படிக்கும் மாணவன் நான். நம் நாட்டில் எதுவும் வெளியாவதில்லை என்பது சரியல்ல. தரைப்படையின் பயிற்சிக் கட்டளையகம் 2004-இல் ஒரு போர்க்கோட்பாட்டை வெளியிட்டது. முப்படைகளின் கூட்டுக் கோட்பாடு 2017 ஏப்ரலிலும், தரைப்போர்க் கோட்பாடு 2018-இலும் வந்தன. பின்னது மிகச் சுருக்கமானது. கடற்படை இத்துறையில் முன்னோடி. 2015-இல் அது வெளியிட்ட கடல்சார் பாதுகாப்பு உத்தியை எங்கள் வகுப்பில் வரிவரியாகப் படித்தோம். விமானப்படைக் கோட்பாட்டின் 2012, 2022 பதிப்புகள் கிடைக்கின்றன. 2025 ஆகஸ்டில் இணையவெளி நடவடிக்கைகள், கடலிலிருந்து கரையேறும் நடவடிக்கைகள் ஆகிய இரண்டுக்குமான கூட்டுக் கோட்பாடுகள் இரகசிய வகைப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. உச்சியில் இருக்கும் கோட்பாடு வெளியாகிறது. நடுவில் இருக்கும் களக் கையேடுதான் வெளியாவதில்லை.

அமெரிக்காவில் நடுப்பகுதியும் திறந்திருக்கிறது. அங்கே பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்ப ஆவணங்களுக்கு ஏ முதல் எஃப் வரை விநியோகக் குறிப்புகள் உண்டு. ஏ என்றால் யாரும் படிக்கலாம். தரைப்படையின் களக் கையேடுகள் பலவற்றில் அந்த வாசகமே முதல் பக்கத்தில் இருக்கும். பி முதல் இ வரை ஏதேனும் ஒன்றை இட்டால், ஏன் தடுக்கிறோம், எந்தத் தேதியில் முடிவெடுத்தோம் என்பதையும் அங்கேயே எழுத வேண்டும். அரசுப் பணியாளர் எழுதியதற்குப் பதிப்புரிமையும் கிடையாது என்பதால், கிளர்ச்சி எதிர்ப்புக்கான எஃப்.எம். 3-24 கையேட்டை 2006 டிசம்பரில் படை வெளியிட, 2007-இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் அதையே அச்சிட்டு விற்றது. நம் நாட்டில் அரசு வெளியீட்டுக்கு 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு; தங்கசாலை அண்ணன் மறுபதிப்புப் போட நினைத்தால் இதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். உங்களிடம் உள்ள மூன்று நூல்களின் முத்திரைக்கு அருகில் காரணமோ, மறுபரிசீலனைத் தேதியோ எழுதப்பட்டிருக்கிறதா?

தங்கசாலை_பழம்புத்தகம் எழுதியது:

இல்லை, தம்பி. அட்டையை மட்டும் மறுபடி பார்த்தேன். முத்திரை மட்டுமே இருக்கிறது.

ஓய்வுபெற்ற_ஹவில்தார்_கொடுங்கையூர் எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்ன எஃப்.எம். 3-24 வெளியான முதல் மாதத்திலேயே பதினைந்து லட்சம் முறை இறக்கிப் படிக்கப்பட்டதாக அதன் சிகாகோ பதிப்பின் முன்னுரையில் இருக்கிறது. படித்தவர்களில் அமெரிக்கப் படை யாரை எதிர்த்துப் போரிட்டதோ அவர்களும் இருந்தார்கள். இதை எளிதாகத் தள்ளிவிட முடியுமா? 2021-இல் ஒரு கணினி விளையாட்டின் மன்றத்தில், விளையாட்டில் வரும் டாங்க் உண்மையானதைப் போல இல்லை என்று வாதிட்ட ஒருவர், பிரிட்டனின் சாலஞ்சர் 2 டாங்கின் தொழில்நுட்பக் கையேட்டுப் பக்கத்தையே பதிவேற்றினார். அதே ஆண்டில் பிரெஞ்சு லெக்லெர்க் டாங்குக்கும் அதே கதி நேர்ந்தது. எதிரி பணம் கொடுத்து ஒற்றன் வைக்காமலேயே கிடைத்த தகவல் அவை. படிக்கும் ஆர்வமும் நாட்டுப்பற்றும் உள்ளவர்கள்கூட வாதத்தில் வெல்லும் ஆசையில் இப்படிச் செய்துவிடுகிறார்கள்.

பெரம்பூர்_ஆய்வு_மாணவர் எழுதியது:

ஐயா, டாங்கின் கவசம் பற்றிய பக்கத்தை யாரும் கேட்கவில்லை. அது மூடியே இருக்க வேண்டும். ரோந்து நடையைப் பற்றி நீங்கள் சொன்னதையும் முழுமையாக ஏற்கிறேன். கோட்பாடும் நடத்தை விதியும் வேறு, உத்தியும் கருவியும் வேறு. ஒரே ஊதா முத்திரையால் நான்கையும் மூடுவதையே நான் எதிர்க்கிறேன்.

நடத்தை விதிக்கு மிகக் கடினமான எடுத்துக்காட்டையே தருகிறேன்: கைதிகளை விசாரிக்கும் முறை. ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கப் படையினர் கைதிகளுக்குச் செய்த கொடுமைகள் 2004-இல் வெளியான பின், 2005-இல் அமெரிக்க நாடாளுமன்றம், பாதுகாப்புத் துறையின் பிடியில் உள்ள எவரையும் தரைப்படையின் களக் கையேட்டில் சொல்லப்படாத முறையில் விசாரிக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. ஒரு படைக் கையேடு சட்டத்தின் அளவுகோலாக ஆன அபூர்வ நிகழ்வு அது. புதிய கையேட்டின் ஒரு பகுதியை இரகசிய இணைப்பாக வைக்கலாமா என்ற யோசனை பாதுகாப்புத் துறையில் இருந்தது. கைதி முன்கூட்டியே படித்துத் தயாராகிவிடுவான் என்பதுதான், நீங்கள் இங்கே சொல்லும் அதே காரணம். எதிர்ப்பு எழுந்து, 2006 செப்டம்பரில் எஃப்.எம். 2-22.3 முழுமையாக வெளியானது. 2009 ஜனவரியில் அதிபர் ஒபாமாவின் ஆணை உளவு நிறுவனங்களையும் அதற்குள் கொண்டுவந்தது. 2015 நவம்பரில் நிறைவேறிய சட்டம், அந்தக் கையேடு பொதுமக்களுக்குக் கிடைக்கும்படியே இருக்க வேண்டும் என்று எழுத்தில் பதித்தது.

வெளியானதால் குறை தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கையேட்டின் எம் பின்னிணைப்பு, கைதியைத் தனிமைப்படுத்தவும் தூக்கத்தைக் குறைக்கவும் இடமளிக்கிறது என்று மனித உரிமை அமைப்புகள் பக்க எண்ணோடு கண்டித்தன. எஃப்.எம். 3-24-இல் பிறருடைய எழுத்தை மேற்கோள் குறியின்றி எடுத்தாண்டிருக்கிறார்கள் என்று மானிடவியலாளர் டேவிட் பிரைஸ் 2007-இல் காட்டினார். பூட்டிய நூலில் இவற்றை யார் கண்டிருப்பார்?

ஓய்வுபெற்ற_ஹவில்தார்_கொடுங்கையூர் எழுதியது:

நடத்தை விதியைத் தனியே பிரித்து நீங்கள் சொன்னது நியாயமே. ஜெனீவா உடன்படிக்கை வகுப்பு எங்களுக்கு உண்டு. காயம்பட்ட எதிரிக்கும் தண்ணீர் கொடு என்று கற்பித்ததை நான் பெருமையோடு என் பேரனிடம் சொல்லியிருக்கிறேன். அதை மறைக்க வேண்டிய தேவை எந்தப் படைக்கும் இல்லை.

சட்டம்_இராயபுரம் எழுதியது:

ஐயா அதைக் குறிப்பிட்டதால் சொல்கிறேன்: 1949-ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளிலும், அவற்றின் வாசகத்தைப் போர்க்காலத்திலும் அமைதிக் காலத்திலும் இயன்றவரை பரவலாகப் பரப்ப வேண்டும் என்று ஒரு விதி உண்டு. படைக்குள் பரப்புவதோடு நில்லாமல் குடிமக்களுக்கும் கற்பிக்கச் சொல்கிறது அது. இந்தியா 1960-இல் இதற்கெனச் சட்டமே இயற்றியிருக்கிறது.

பழைய ஆவணங்களைப் பொறுத்தவரை, 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்கையை வெளியிட்டது. 25 ஆண்டுக்கு மேற்பட்ட பதிவுகளை வல்லுநர்கள் ஆய்ந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும் என்பது அதன் ஓர் அம்சம். ஆனால் அது போர் நாட்குறிப்புகளையும் நடவடிக்கைப் பதிவேடுகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அந்தப் பெரம்பூர்ப் பெட்டியில் இருந்ததைப் போன்ற பயிற்சி நூல்களும் அதே ஆய்வுக்கு வர வேண்டும் என்று கேட்கலாம். 1962 போரைப் பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை என்ன ஆனது என்பதை நினைத்தால் அவசரப்பட்டு நம்பிக்கை வைக்கத் தோன்றவில்லை. 1963-இல் எழுதப்பட்ட அது 2014-இல் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளரின் இணையதளத்தில் ஒரு பகுதி வெளியான பிறகும், அரசுத் தரப்பில் மூடியே இருந்தது. ஆனால் கார்கில் ஆய்வுக் குழுவின் அறிக்கை, சில பகுதிகள் நீக்கப்பட்டு, 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டதும் இதே நாட்டில்தான்.

தங்கசாலை_பழம்புத்தகம் எழுதியது:

நேற்று மூன்று நூல்களையும் ஒப்படைத்துவிட்டேன். வரவேற்பில் இருந்தவருக்கு யாரிடம் அனுப்புவது என்று தெரியவில்லை. இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். பிறகு வந்த ஓர் அதிகாரி கடிதத்தை முழுவதும் படித்து, நூல்களின் பக்கங்களை என் எதிரிலேயே எண்ணி, எண்ணிக்கையோடு ஒப்புகை எழுதிக் கொடுத்தார். ஹவில்தார் ஐயா சொன்ன பதிவேட்டுப் பழக்கம் அப்போது எனக்கு விளங்கியது. மரியாதையாக நடத்தினார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். இனி இவை என்ன ஆகும் என்று கேட்டேன். அழித்துவிடுவார்களாக இருக்கும் என்றார்.

அந்தச் சொல் என்னை விடவில்லை. வேறு பிரதிகள் எங்காவது இருக்கக் கூடும், இல்லாமலும் போகலாம். ஒன்றில் ஓரக்குறிப்பாகப் பென்சிலில் தமிழில் ஏதோ எழுதியிருந்தது. படிக்கக் கூடாது என்று நானே கண்ணைத் திருப்பிக்கொண்டேன். தகவல் அறியும் உரிமையில் ஒரு மனு எழுதியிருக்கிறேன்: '1985-க்கு முன் வெளியான தரைப்படைப் பயிற்சிக் கையேடுகள் அனைத்தின் நகலையும் தர வேண்டுகிறேன்.' அனுப்பலாமா?

ஓய்வுபெற்ற_ஹவில்தார்_கொடுங்கையூர் எழுதியது:

அப்படிக் கேட்டால் ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள். முதலில் நகலைக் கேட்காதீர்கள், பட்டியலைக் கேளுங்கள். 1985-க்கு முந்தைய பயிற்சி நூல்களின் தலைப்பு, வெளியான ஆண்டு, இன்றைய வகைப்பாடு, கடைசியாக அந்த வகைப்பாட்டை மறுபரிசீலனை செய்த தேதி, இந்த நான்கு மட்டும். முதலுதவி, முகாம் சுகாதாரம், வரைபடம் படித்தல் ஆகிய மூன்று தலைப்புகளோடு முதல் மனுவை நிறுத்திக்கொள்ளுங்கள். மறைக்க ஒன்றுமில்லாத நூல்கள் அவை. அவற்றுக்கும் முத்திரை இருக்கிறது என்று எழுத்தில் பதில் வந்தால் மேல்முறையீட்டில் அதுவே போதும். தரக் கூடிய பகுதியைப் பிரித்துத் தருமாறு 10-ஆம் பிரிவைக் குறிப்பிடச் சொல்லி இராயபுரம் மகளிடம் வாசகம் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டராக வையுங்கள். மனுவின் இரண்டாவது பெயராக என் பெயரைப் போட முடியுமா என்று தெரிந்தால் சொல்லுங்கள். முடியாது என்றால் இதே மனுவை நான் தனியாகவும் அனுப்புகிறேன்.